டீ நல்லதுன்னு முதல்ல சொன்னது யாரு?

"டீ உடம்புக்கு நல்லது"ங்கிற பேச்சை நம்ம நாட்டுல ஊர் ஊராப் பரப்பினது டாக்டருங்க இல்லீங்க, டீ விக்கிறவங்க!

எங்க நெய்வேலி ஷிப்ட் ஊரு. நைட் ஷிப்ட் போறவங்களுக்கு டீ இல்லாம முடியாது. 1957-ல நேரு இங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைச்சார். ஆனா சுரங்கத்துக்கும் டீக்கும் உள்ள சொந்தம் அதைவிடப் பழசு.

1903-ல வெள்ளைக்காரன் தேயிலை ஏற்றுமதிக்கு ஒரு வரி போட்டான். அந்தப் பணம் விளம்பரத்துக்கு. முதல் உலகப் போர் சமயத்துல தொழிற்சாலை, பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம்னு தொழிலாளிங்க இருக்கிற இடமாப் பார்த்து டீ ஸ்டால் வந்துச்சு. 1930-கள்ல உலகச் சந்தை படுத்துப் போச்சு. தேங்கின தேயிலையை நம்ம தலையில கட்டணுமே? வீடு வீடா வந்து டீ போடச் சொல்லிக் கொடுத்தாங்க, இலவசமாவும் ஊத்திக் கொடுத்தாங்க. ரயில்வே ஸ்டேஷன்ல எனாமல் போர்டு மாட்டினாங்க. உற்சாகம் வரும், அசதி போகும்... இதான் பிரச்சாரம்.

இதை ஒத்துக்காதவர் காந்தி. 1942-ல சிறையில இருந்தப்ப உடல்நலம் பத்தி எழுதின புத்தகத்துல, டீயில ஏதாவது நன்மை இருந்தா அது கொஞ்சம் பால் சேர்ந்த, சூடான, இனிப்பான பானம்ங்கிறதாலதான்னார். இலையைப் போட்டுக் கொதிக்க விட்டா இறங்கற டானின் ஜீரணத்துக்குக் கெடுதல்னும் எழுதினார்.

சரி, இன்னைக்கு நிலவரம்? பிரிட்டன்ல கிட்டத்தட்ட 5 லட்சம் பேரை வைச்சு 2022-ல வந்த ஆய்வுல, தினம் ரெண்டு கப்புக்கு மேல குடிக்கிறவங்களுக்கு மரண அபாயம் கொஞ்சம் குறைவுன்னு தெரிஞ்சது. டீதான் காரணம்னு அது நிரூபிக்கலை. சும்மா சேர்த்துப் பார்த்த கணக்குதான்.

அந்த டானின் விஷயத்துல காந்தி சொன்னதுக்கு வேற பக்கமும் இருக்கு. கீரை, பருப்புல இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்காம அது தடுக்குது. சாப்பிட்ட கையோட டீ குடிக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல சகஜம். தமிழ்நாட்டுல பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. இதுக்கு டீ மட்டுமே காரணமில்லை, ஆனா இருக்கிற கொஞ்ச இரும்பையும் ஏன் விடணும்?

அதனால டீயை விட வேணாம் மக்களே. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைங்க, சர்க்கரையைக் குறைங்க. முக்கியமா, காலைப் பலகாரத்துக்குப் பதிலா டீன்னு வேலைக்குக் கிளம்பாதீங்க. பசியை அடக்கும், ஆனா பசியாத்தாது.