நெஞ்சுத் தண்ணியும் நூறு வருஷக் குழப்பமும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுற ஆளு. படிச்சதுல பிடிச்சதைச் சொல்றேன், அவ்ளோதான்.

எங்க கீழ்பென்னாத்தூர் பக்கம் யாருக்காவது நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டா, ஊரே சொல்றது, "டிபியா இருக்கும்". பெரும்பாலும் அது சரியாவும் இருக்கும். மிச்சம் இருக்கறவங்கள்ல சிலருக்கு அது லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய்.

இந்தக் குழப்பம் நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை மக்களே. 1832-ல லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர்ச் சுரப்பிகள் வீங்கி இறந்த ஏழு பேரைப் பத்தி எழுதினார். 1865-ல சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு அவர் பேரையே வெச்சார். 1898-ல கார்ல் ஸ்டெர்ன்பெர்க் அந்த நோய்க்கே உரிய ராட்சச செல்லை மைக்ராஸ்கோப்புல பாத்து விவரிச்சார். ஆனா அதைக் காசநோயோட ஒரு தினுசுன்னே நினைச்சார்! 1902-ல டாரதி ரீட்-ங்கற பெண் டாக்டர்தான் அது டிபி இல்லை, தனி நோய்னு வாதாடினார். இன்னிக்கு அந்த செல்லுக்கு ரெண்டு பேர் பேரும் சேந்தே இருக்கு.

சரி, நெஞ்சுத் தண்ணிக்கு வருவோம். டிபி தண்ணியிலயும் லிம்ஃபோசைட் செல்கள்தான் நிறைய இருக்கும், லிம்ஃபோமாவுலயும் அதேதான். டிபிக்குப் பாக்கற ஏடிஏ டெஸ்ட் அளவு லிம்ஃபோமாவுலயும் எகிறலாம். வெறும் மைக்ராஸ்கோப்பை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

வழி 1975-ல திறந்துச்சு. கோலரும் மில்ஸ்டீனும் ஒரே மாதிரி ஆன்டிபாடிகளைத் தயாரிக்கக் கத்துக்கிட்டாங்க (1984-ல நோபல்). அதுல வண்ணம் ஒட்டி, செல்களை ஒவ்வொண்ணா லேசர் முன்னாடி ஓடவிட்டா ஃப்ளோ சைட்டோமெட்ரி. சாதாரண பி செல் கூட்டத்துல கப்பா, லாம்டான்னு ரெண்டு வகையும் கலந்திருக்கும். எல்லாம் ஒரே வகையா இருந்தா, ஒரே செல் தன்னைத்தானே காப்பி-பேஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்குன்னு சந்தேகப்படலாம். நம்ம பாஷையில, எல்லா லாக்கும் ஒரே ஐபில இருந்து வர்ற மாதிரி.

இதுவும் சர்வரோக நிவாரணி இல்லை. ஹாட்ஜ்கின் வகை செல் தண்ணியில சிக்கறது அபூர்வம், கட்டியில சதை எடுத்துத்தான் பாக்கணும்.

டிபி மருந்தை வீட்டுல இருந்தே சாப்பிட்டுக் குணமாகலாம்னு உலகத்துக்குக் காட்டினதே 1956-ல தொடங்கின நம்ம சென்னை ஆய்வுதான். பெரிய சாதனை. ஆனா லிம்ஃபோமாக்காரருக்கு அதே ஆறு மாச மாத்திரை, கையை விட்டுப் போற ஆறு மாசம். குணப்படுத்தக்கூடிய லிம்ஃபோமா நிறைய இருக்கறதாலதான் வயிறு எரியுது.

அதனால, மாத்திரை சாப்பிட்டும் தண்ணி திரும்பத் திரும்பக் கோத்துக்கிட்டா, "எடுத்த தண்ணியை செல் பரிசோதனைக்கு அனுப்பினீங்களா டாக்டர்?"னு கேளுங்க. கேக்கறதுல தப்பே இல்லை.