ஏர் மார்ஷல் பத்மா

இடமாறுதலுக்குப் பயந்து இருமுறை பதவி உயர்வை வேண்டாமென்ற வங்கிக் குமாஸ்தா நான். அதனாலோ என்னவோ, பத்மா பந்தோபாத்யாயின் கதை என்னை உறுத்துகிறது.

1944-ல் திருப்பதியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, டெல்லியில் வளர்ந்தவர். காசநோயில் படுத்த தாயாரைச் சிறுவயதிலேயே கவனித்தார். மருத்துவராகும் ஆசை அங்கே பிறந்தது. புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்து 1968-ல் விமானப்படையில் சேர்ந்தார். பெண்கள் அங்கே விமானிகளானது 1990-களில்தான். அன்று இருந்தது மருத்துவப் பணி வழி ஒன்றே. உயரமும் குளிரும் மனித உடலை என்ன செய்யும் என்பதே இவரது துறை. அதற்காக வடதுருவப் பகுதிக்கும் போனார். (மஞ்சக்குட்டை மார்கழிக்கே நமக்கு இரண்டு கம்பளி!)

1971 போர்க்காலப் பணிக்காக விசிஷ்ட சேவா பதக்கம். அதே விழாவில் கணவருக்கும். 2004-ல் ஏர் மார்ஷல் ஆனார். நமது விமானப்படையில் அந்தப் பதவியைத் தொட்ட முதல் பெண். பத்மஸ்ரீ வந்தது 2020-ல்.