தேனீ நஞ்சும் மருந்து செல்லும் வழியும்

புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டை அண்டிய கடலோரத்தில் உள்ளது கரைத்தீவு. அங்கு ஒருவரைத் தேனீ கொட்டினால் பெரும்பாலும் வலியும் வீக்கமுமே மிஞ்சும். மிகச் சிலருக்கோ சில நிமிடங்களில் உடலெங்கும் தடித்து, மூச்சுத் திணறி, குருதியமுக்கம் சரிந்துவிடும். புத்தளம் வைத்தியசாலையோ அருகில் இல்லை. ஆகவே, மருந்து எது என்ற கேள்வியோடு, அது எவ்வழியாக, எவ்வளவு விரைவில் உடலுட் சேர்கின்றது என்பதும் உயிரைப் பற்றிய கேள்வியாகின்றது. அக்கேள்வியின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

அவ்வரலாறு கடலிலே தொடங்கியது என்பது கடலோரத்தார்க்கு வியப்பூட்டலாம். 1901-ல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்ற ரிஷே, போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், சொறிமுட்டை போன்ற கடலுயிரின் நஞ்சை ஆராய்ந்தனர். கரை திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றினர். முதன்முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்களின் பின் அதனினும் குறைந்த அளவை ஏற்றியபோது இறந்தது. உடலின் காவலே உடலுக்குப் பகையாகும் இந்நிலையைக் கண்டறிந்தமைக்காக ரிஷே 1913-ல் நோபல் பரிசு பெற்றார்.

பகையை நட்பாக்க முடியுமா? 1911-ல் இலண்டனில் லெனார்ட் நூன் என்பார், புல்லின் மகரந்தத்தால் தும்மலுற்றோருக்கு அம்மகரந்தச் சாற்றையே சிறிது சிறிதாக ஊசிவழி செலுத்திப் பயன் கண்டார். தேனீக்கும் இம்முறை பின்பற்றப்பட்டது. ஆனால் 1930 தொடக்கம் பல்லாண்டுகளாக வைத்தியர்கள் செலுத்தியது நஞ்சையன்று. முழுத் தேனீக்களை அரைத்தெடுத்த சாற்றையே. அதில் நஞ்சு அற்பம். ஏனையவை தலையும் காலும் இறகுமே. 1956-ல் மேரி லவ்லெஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் நஞ்சுப்பையிலிருந்து எடுத்ததையே பயன்படுத்தவேண்டுமென எடுத்துக்காட்டினார். செவிசாய்த்தோர் சிலரே.

பயனற்ற சாறு அத்தனை காலம் நிலைத்தது எவ்வாறு? விடை 1978-ல் கிடைத்தது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவர்கள் தம்மிடம் வந்த நோயாளரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தூய நஞ்சையும், மற்றொன்றுக்கு முழுவுடற் சாற்றையும், மூன்றாவதற்கு மருந்தற்ற வெறும் ஊசியையும் கொடுத்து, மேற்பார்வையில் கொட்டச் செய்தனர். நஞ்சு பெற்ற 18 பேரில் ஒருவரே பாதிப்புற்றார். சாறு பெற்ற 11 பேரில் 7 பேரும், வெற்றூசி பெற்ற 12 பேரில் 7 பேரும் பாதிப்புற்றனர். வெற்றூசியாளரிலும் ஐவர் தப்பினர் அன்றோ? மறுமுறை கொட்டும்போது பலர் தாமாகவே தப்புவர். அப்புகழ் அரைத்த தேனீக்குப் போய்ச் சேர்ந்தது. பொருள் பிழையாயின், அதனைச் செலுத்தும் முறையைச் சீராக்கிப் பயனில்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று நான் அறியேன்.

பொருள் சரியானபின் முறை பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது. இன்று நுண்ணளவில் தொடங்கி, 100 மைக்கிரோகிராம் வரை உயர்த்தி, மூன்று முதல் ஐந்தாண்டு மாதந்தோறும் ஊசியிடுகின்றனர். இந்த 100 மைக்கிரோகிராம், தேனீ ஒன்றிரண்டு கொட்டும் நஞ்சுக்குச் சமம். ஊசியே ஒவ்வாமையை எழுப்பும் அபாயமும் உண்டு. அதனைக் குறைக்க நஞ்சை அலுமினிய உப்பிற் படியவைத்து மெல்லக் கசியச் செய்வர். 2019-ல் அவுஸ்திரேலிய ஆய்வாளர், தாவரச் சர்க்கரையான இனுலினைத் துணைசேர்த்து 27 பேரிடம் நற்பயன் கண்டதாக வெளியிட்டனர். எண்ணிக்கை சிறிதாகையால் அவசரப்பட்டுப் போற்றுதற்கில்லை.

உயிர் காக்கும் உடனடி மருந்து அட்ரீனலின். அதனைத் தோலின் கீழ் இடுவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. 1998-ல் கனடாவில் சிறுவரிடம் அளந்தபோது, தொடைத் தசையில் இட்ட மருந்து சுமார் 8 நிமிடத்திலும், தோலின் கீழ் இட்டது சுமார் 34 நிமிடத்திலும் குருதியில் உச்சமடைந்தது. இவ்விடைவெளியில் உயிர் போகலாம். எவரும் தாமே தொடையிற் குத்திக்கொள்ளும் பேனா வடிவ ஊசிக்கு 1987-லும், மூக்கில் தெளிக்கும் அட்ரீனலினுக்கு 2024-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நம் நாட்டு நிலை யாது? தெனியாய வைத்தியசாலையில் தேனீ, குளவி கொட்டிய 322 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2015-ல் வெளியாயிற்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்கு இது தொழிலோடு வரும் இடர். செய்தித்தாள்கள் யாவற்றையும் ‘குளவிக் கொட்டு’ என்றே எழுதிவிடும். பலவேளை கொட்டுவது பாறையிலும் உயர்மரத்திலும் கூடுகட்டும் பெருந்தேனீயே. பரிசோதனைக்குக் கிடைக்கும் நஞ்சோ ஐரோப்பியத் தேனீயினுடையது. இரண்டையும் ஒப்பிட்ட இலங்கை ஆய்வாளர், ஒன்றன் நஞ்சைக்கொண்டு மற்றதன் ஒவ்வாமையைக் கண்டறியலாம் எனக் காட்டியுள்ளனர். குளவி நஞ்சு அத்தகையதன்று; அதற்குத் தனி மருந்து வேண்டும். ஆகவே கொட்டியது எது என்பதை வைத்தியருக்குச் சொல்லவேண்டியவர் கொட்டுப்பட்டவரே. தேனீ தன் கொடுக்கைத் தோலில் விட்டுச் செல்லும். குளவி பெரும்பாலும் விடாது. கொடுக்கிருப்பின் உடனே சுரண்டி எடுங்கள்; எடுத்ததை எறிந்துவிடாது வைத்தியரிடம் காட்டுங்கள்.