முன்பண மோசடி மின்னஞ்சல்

முன்பண மோசடி மின்னஞ்சல் என்பது பெருந்தொகை தருவதாகக் கூறியோ, துன்பத்தில் உள்ளவருக்கு உதவும்படி இறைஞ்சியோ அனுப்பப்பட்டு, பெறுநரிடமிருந்து தவணை தவணையாகப் பணம் பறிக்கும் மடல் ஆகும். நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பெறுதலைக் குறிக்கும் பிரிவின் எண்ணைக் கொண்டு இது 419 மோசடி எனவும் அழைக்கப்படுகிறது. எனினும் இத்தகைய மடல்கள் பல நாடுகளிலிருந்தும் வருகின்றன.

வரலாறு

இம்முறை இணையத்தை விடப் பழையது. 19 ஆம் நூற்றாண்டிலேயே, எசுப்பானியச் சிறையில் வாடும் செல்வந்தரை மீட்கப் பணம் கோரும் கடிதங்கள் அஞ்சலில் உலவின. அவை "எசுப்பானியக் கைதி" மோசடி எனப்பட்டன. 1980களில் நைஜீரியாவிலிருந்து கடிதமாகவும் தொலைநகலாகவும் பரவிய இம்மோசடி, 1990களில் மின்னஞ்சலுக்கு மாறியது. நைஜீரியா 2006 இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்ற எண்ணம் தவறானது. 1995 முதல் 1998 வரை பிரேசிலின் நோரோயெஸ்டே வங்கியின் உயர் அலுவலர் ஒருவர், நைஜீரிய மத்திய வங்கி ஆளுநராக நடித்தவரை நம்பி, இல்லாத விமான நிலையத் திட்டத்திற்காக 24.2 கோடி அமெரிக்க டாலர் வங்கிப் பணத்தை அனுப்பினார்.

உணர்ச்சிகளைப் பயன்படுத்தும் விதம்

பேராசையைத் தூண்டும் மடல்களை விட இரக்கத்தைத் தூண்டுபவை ஆபத்தானவை. புற்றுநோயால் இறக்கும் தறுவாயில் உள்ள கைம்பெண், தம் சொத்தை அறப்பணிக்கு ஒப்படைக்க நல்லவர் ஒருவரைத் தேடுவதாக எழுதப்படுவது நெடுநாள் வழக்கில் உள்ள கதை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் அதன் பெயராலும் போலி நன்கொடை மடல்கள் வந்தன.

இவற்றுள் மிகவும் நுட்பமானது "சிக்கித் தவிக்கும் நண்பர்" மடல். ஒருவருடைய கடவுச்சொல்லைத் திருடி, அவரது முகவரிப் புத்தகத்தில் உள்ள அனைவருக்கும், வெளிநாட்டில் பணப்பையும் கடவுச்சீட்டும் பறிபோனதாக மடல் அனுப்பப்படும். முகவரி உண்மையானது என்பதால் ஐயம் எழுவதில்லை. தொலைபேசியும் தொலைந்துவிட்டது என்ற வரி தவறாமல் இருக்கும். சரிபார்க்கும் வழியை அடைப்பதே அவ்வரியின் நோக்கம். பணம் அனுப்பியதும் விடுதிக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் என அடுத்த தேவைகள் முளைக்கும். முன்பு கொடுத்தது வீணாகிவிடுமே என்ற அச்சத்தாலேயே பலர் மேலும் கொடுக்கின்றனர்.

இனங்காணல்

எழுத்துப்பிழைகளை அடையாளமாகக் கொள்வது இன்று போதாது. செயற்கை அறிவு மென்பொருட்களால் எவரும் பிழையற்ற மடல் எழுதலாம். நம்பமுடியாத கதை கூட வேண்டுமென்றே எழுதப்படலாம். ஐயப்படுவோர் தொடக்கத்திலேயே விலகிவிட, எளிதில் நம்புவோர் மட்டும் எஞ்சுவர் என மைக்ரோசாப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012 இல் விளக்கினார்.

கதை எதுவாயினும் அவசரம், இரகசியம், திரும்பப்பெற இயலாத வழியில் பணம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் மோசடியே. பதில் எழுதாமல், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் உரியவரையோ அவர் குடும்பத்தாரையோ அழைத்துக் கேட்கவேண்டும். இருவருக்கும் மட்டும் தெரிந்த செய்தியைக் கேட்டுச் சோதிப்பதானால், அது பழைய மடல்களில் இல்லாததாக இருக்கவேண்டும். கணக்கைத் திருடியவர் அவற்றையும் படித்திருப்பார்.

ஏமாந்த பின்னர்

உடனே வங்கிக்குத் தெரிவித்து, மடல்களை அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும். இந்தியாவில் 1930 என்ற எண்ணில் முறையிடலாம். வெட்கத்தால் பலர் வீட்டாரிடம் கூடச் சொல்வதில்லை. அந்த மௌனத்தையே நம்பி, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி, அதற்கும் முன்பணம் கேட்டு இரண்டாவது மோசடி மடல் வருவதுண்டு.