மூஸ்கே பிறந்த கதை

1914 அக்டோபர் 28 காலையில் பினாங்குக்கு வெளியே மூழ்கிப்போன மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தச் சில நிமிடச் சண்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கப்பல் ஏன் அப்படி அழிந்தது என்பதற்கான பதில் அது பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

1880களில் பிரெஞ்சுக் கடற்படையில் அட்மிரல் ஓப் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். பிரிட்டனுக்குச் சமமாகப் பெரிய போர்க்கப்பல்கள் கட்டக் கட்டுப்படியாகாது. விலை குறைந்த சிறு படகில் டார்பிடோவை ஏற்றி இரவில் அனுப்பினால், கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய கப்பலையும் கவிழ்த்துவிடலாம். இதைக் கண்டு மிரண்ட பிரிட்டன், அந்தப் படகுகளை விரட்டிப் பிடித்து நொறுக்கவென்றே வேகமான ஒரு புதுக் கப்பலை, அதாவது நாசகாரியைக் கட்டியது. 1893இல் நீரில் இறங்கிய ஹேவக் அந்த இனத்தின் மூத்த பிள்ளை. விதை போட்டது பிரான்ஸ் என்றாலும் மரம் முளைத்தது பிரிட்டனில்.

பிறகு பிரான்சும் அதே வழிக்கு வந்தது. லெ ஹாவ்ர் நகரின் நார்மான் நிறுவனம் வரைந்த துராந்தால் 1899இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. அதன் அடியொற்றிக் கட்டிய 20 கப்பல்களில் ஒன்றுதான் மூஸ்கே. நாந்த் நகரில் லுவார் கப்பல் பட்டறையில் 1902இல் நீரில் இறங்கியது. எடை சுமார் 300 டன். கூடப் பிறந்தவற்றுக்கு வில், கவண், ஈட்டி என்று பழைய ஆயுதங்களின் பெயர்கள். இதற்கு அந்தக் காலத்துத் துப்பாக்கியின் பெயர்.

அந்த உடலில் எல்லாமே வேகத்துக்காகத்தான். முன்பக்கம் ஆமை ஓடுபோல வளைந்திருக்கும், அலை ஏறினால் வழிந்தோட. வயிற்றுப் பகுதியை நிறைத்திருப்பவை பாய்லரும் எந்திரமும். ஆட்கள் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குண்டைத் தாங்கும் கவசம் கிடையாது. 65 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, 47 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆறு, டார்பிடோ குழாய்கள் இரண்டு. டார்பிடோ படகை விரட்ட இது தாராளம். குரூசரை எதிர்க்க இது எதற்குமே காணாது.

பன்னிரண்டு வருடத்தில் கப்பல் கட்டும் கலை எங்கேயோ போய்விட்டது. முதல் உலகப் போர் வந்தபோது மூஸ்கே தூரக்கிழக்கில் மலாக்கா நீரிணையில் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தது. அதே கடலுக்கு எம்டன் வந்தது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் குரூசர்தான்.

பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிவதற்காகப் பொய்யாக நான்காவது புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு, விடியுமுன் எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. உள்ளே நின்ற ரஷ்யக் குரூசர் ஷெம்சுகை டார்பிடோவால் மூழ்கடித்தது. அங்கிருந்த பிரெஞ்சுக் கப்பல்களால் உடனே கிளம்பித் துரத்த முடியவில்லை. எம்டன் வெளியேறிய நேரத்தில்தான் மூஸ்கே ரோந்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. எதிரே வருவது எதிரி என்று அதில் இருந்தவர்களுக்குத் தோன்றவில்லை. எம்டன் ஜெர்மன் கொடியை ஏற்றிச் சுடத் தொடங்கியபோது நிலைமை கைமீறிப் போயிருந்தது.

எம்டனில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. ஒவ்வொரு குண்டும் சுமார் 17 கிலோ. மூஸ்கேயின் பெரிய பீரங்கியின் குண்டோ நான்கு கிலோ அளவுதான். அப்படியும் கப்பல் தலைவர் தெரொவான் பின்வாங்கவில்லை. மூஸ்கே திருப்பிச் சுட்டது, டார்பிடோவும் விட்டது. அது இலக்கைத் தொடவில்லை. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. தெரொவான் அதோடு போனார். பலன் இல்லை என்று தெரிந்தும் அந்த டார்பிடோவை விட்டவர்களின் துணிச்சலை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

பிறகு எம்டன் நின்றது. எந்த நேரமும் எதிரி வரக்கூடிய இடத்தில் படகு இறக்கி 36 பிரெஞ்சு மாலுமிகளைத் தூக்கிக் காப்பாற்றியது. பிஸ்தொலே என்ற இன்னொரு நாசகாரி பின்தொடர்ந்து வந்து, மழையில் அதைத் தவறவிட்டது. காயத்தால் இறந்தவர்களை ஜெர்மானியர்கள் ராணுவ மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்களை அக்டோபர் 30 அன்று நியூபர்ன் என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஏற்றி, சுமத்ராவை ஒட்டிய டச்சுத் துறைமுகமான சபாங்குக்கு அனுப்பிவைத்தார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே எம்டனும் வீழ்ந்தது. ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னியின் 6 அங்குலப் பீரங்கிகளுக்கு முன்னால் அதன் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் ஈடுகொடுக்கவில்லை.

போருக்குப் பிறகு பிரான்ஸ் மூஸ்கேயைப் போன்ற சிறு உடலோடு நிற்கவில்லை. 1922ஆம் ஆண்டுத் திட்டத்தில் அது கட்டிய ஜாகுவார் வகை நாசகாரிகள் ஒவ்வொன்றும் சுமார் 2,100 டன் எடை; ஒவ்வொன்றிலும் 130 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஐந்து.