பி.எஸ்.டபிள்யூ. பிறந்த கதை

வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கன்சல்டன்சிகளில் இங்கிலாந்து என்று வாயெடுத்தாலே, 'படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் பி.எஸ்.டபிள்யூ. உண்டு' என்பார்கள். கையில் வேலை இல்லாமலே அங்கே தங்கி வேலை தேடலாம், கிடைத்த வேலையைச் செய்யலாம் என்கிற அனுமதி அது. இன்றைக்கு அதன் அதிகாரப்பூர்வப் பெயர் கிராஜுவேட் விசா. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பலர் இதை மாணவர்களுக்குக் கொடுத்த சலுகை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது ஸ்காட்லாந்தின் ஆள் பற்றாக்குறையில் பிறந்தது.

2000-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை 50 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது. பிறப்பு குறைவு, இளைஞர்கள் வேலைக்காகத் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளில் எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிடும் என்று கணிப்பு வந்தது. அப்போது முதல்வராக இருந்த ஜாக் மெக்கானெல் பல்கலைக்கழகங்களைப் பார்த்தார். உலகெங்கிலுமிருந்து வந்து, தங்கள் காசில் படித்து, பட்டம் வாங்கிய கையோடு விமானம் ஏறும் இளைஞர்கள் அங்கே இருந்தார்கள். குடியேற்ற அதிகாரம் லண்டனிடம்தான். அதன் ஒப்புதலோடு 2005-இல் 'ஃப்ரெஷ் டேலன்ட்' திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் படித்தவர், படிக்கும்போது அங்கேயே வசித்தவர், அங்கேயே வேலை செய்ய எண்ணமுள்ளவர் என்றால் இரண்டு ஆண்டு தங்கலாம். முதலாளியின் கடிதம் கேட்கப்படவில்லை. இந்த விசாவின் உயிர் அந்த ஒரு அம்சத்தில்தான் இருக்கிறது.

லண்டனும் சும்மா இருக்கவில்லை. அறிவியல், பொறியியல் பட்டதாரிகளுக்கு 2004-லேயே ஓராண்டு கொடுத்தது. 2007-இல் அதை எல்லாத் துறைகளுக்கும் விரித்தது. 2008-இல் புள்ளிகள் முறை வந்தபோது இவை எல்லாம் கலந்து, நாடு முழுமைக்கும் இரண்டு ஆண்டு என்று ஆனது. பி.எஸ்.டபிள்யூ. என்பதன் விரிவான 'போஸ்ட் ஸ்டடி வொர்க்' என்ற பெயர் அப்போது வைத்ததுதான். சட்டப் புத்தகத்திலிருந்து அந்தப் பெயர் போய்விட்டாலும் நம் ஊர் வாயில் இன்னும் இருக்கிறது.

அந்த விசாவின் ஆயுள் நான்கு ஆண்டுகூட இல்லை. நிகரக் குடியேற்றத்தை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் கீழே கொண்டுவருவோம் என்று வாக்குக் கொடுத்து வந்த அரசில் தெரசா மே உள்துறைச் செயலர். 2012 ஏப்ரலில் கதவு மூடப்பட்டது. அதன் பிறகு படிக்கப் போனவர்களின் நிலையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஓராண்டு மாஸ்டர்ஸ் செப்டம்பரில் முடியும். ரிசல்ட் வர அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். படிப்பு முடிந்து நான்கு மாதத்தில், ஜனவரி வாக்கில், ஸ்டூடன்ட் விசா காலாவதி. அதற்குள் ஸ்பான்சர் உரிமம் வைத்திருக்கும் நிறுவனம் ஒன்று, ஆண்டுக்கு 20,000 பவுண்டாவது சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுக்க வேண்டும். பெரிய நிறுவனங்களோ இலையுதிர் காலத்தில் தேர்வு நடத்தி, அடுத்த ஆண்டுதான் ஆட்களைச் சேர்த்துக்கொள்வார்கள். எவ்வளவு கெட்டிக்கார மாணவனானாலும் இந்த நாட்காட்டியை அவனால் என்ன செய்ய முடியும்? திறமையைச் சோதிக்காமலே ஊருக்கு அனுப்பிய விதி இது என்று நான் உறுதியாகச் சொல்வேன். இதே காலத்தில் கனடா மூன்று ஆண்டு வரை கொடுத்துக்கொண்டிருந்தது. 2010-11-இல் பிரிட்டனில் 39 ஆயிரமாக இருந்த இந்திய மாணவர் எண்ணிக்கை ஐந்தே ஆண்டில் 17 ஆயிரத்துக்கும் கீழே போனது.

கட்டணத்தை நம்பியிருந்த பல்கலைக்கழகங்கள் கலங்கின. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், பாத், இம்பீரியல் ஆகிய நான்கில் மட்டும் 2016-இல், படிப்பு முடிந்தபின் நான்கு மாதத்துக்குப் பதில் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். குடியேற்ற ஆலோசனைக் குழு 2018-இல் பழைய விசாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்றே சொன்னது. அதை மீறி 2019 செப்டம்பரில் போரிஸ் ஜான்சன் அரசு இரண்டு ஆண்டை மீண்டும் அறிவித்தது. பிரெக்ஸிட்டுக்குப் பின் உலகத்தை அழைக்கும் முகம் வேண்டியிருந்தது. 2030-க்குள் ஆறு லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்ற இலக்கும் இருந்தது. 2021 ஜூலை 1 அன்று கிராஜுவேட் விசா திறந்தது.

தகுதி விதிகள் பார்வைக்கு எளியவை. இளநிலைப் பட்டமோ அதற்கு மேலோ முடித்திருக்க வேண்டும். ஸ்டூடன்ட் விசா உயிரோடு இருக்கும்போதே, பிரிட்டனுக்குள் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். ஸ்பான்சர் வேண்டாம், சம்பள வரம்பு இல்லை. முனைவர் பட்டத்துக்கு மூன்று ஆண்டு. வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும், நீட்டிப்பு கிடையாது. விசாக் கட்டணம் போக மருத்துவக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 1,035 பவுண்ட். முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. விண்ணப்பிக்க, சான்றிதழ் கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை, பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். 'இவர் படிப்பை முடித்துவிட்டார்' என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அது தெரிவிக்கும்வரை விண்ணப்பிக்க வழியில்லை.

2024-இல் இந்த விசா தவறாகப் பயன்படுகிறதா என்று அதே ஆலோசனைக் குழுவைக் கேட்டார்கள். முறைகேடு பரவலாக இல்லை, விசா தொடரட்டும், மாணவர்களை ஏமாற்றும் ஏஜென்டுகளைக் கட்டுப்படுத்துங்கள் என்று குழு சொன்னது. முன்பு வேண்டாம் என்ற குழு, கையில் வந்த தரவைப் பார்த்து இப்படிச் சொன்னதை நான் மதிக்கிறேன். அரசு மாறியது, 2025 மே மாத வெள்ளை அறிக்கை இரண்டு ஆண்டைப் பதினெட்டு மாதமாக்கப்போவதாகச் சொன்னது. 2027 ஜனவரி 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு அதுதான் கணக்கு. முனைவர் பட்டத்துக்கு மட்டும் மாற்றமில்லை.

2025 செப்டம்பரில் மாஸ்டர்ஸ் சேர்ந்தவர்கள் இந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறார்கள். அவர்களுடைய ஸ்டூடன்ட் விசா 2027 ஜனவரி வாக்கில்தான் முடியும். அதுவரை நாள் இருக்கிறது என்று காத்திருந்தால் ஆறு மாதம் போய்விடும். ரிசல்ட் வந்ததும் பல்கலைக்கழக சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, உள்துறைக்குத் தகவல் எப்போது போகும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, டிசம்பர் 31-க்குள் விண்ணப்பித்துவிட்டால் அவர்களுக்கு இரண்டு ஆண்டு உண்டு.