வயலில் இறங்காத விமானம்

டிராக்டர் வச்சிருக்கிற விவசாயிக்கு சிம்சன் இன்ஜின் நல்லாத் தெரியும். அதே சிம்சன் கம்பெனி, சென்னையில கோச்சு வண்டி கட்டின காலத்துல, 1910-ல ஒரு விமானமும் கட்டிக் கொடுத்திருக்கு. கட்டச் சொன்னவர் மவுண்ட் ரோட்டுல ஓட்டல் நடத்தின டி'ஏஞ்சலிஸ். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம் நிறையல. பல்லாவரம் வெட்டவெளியில அவரே ஓட்டிப் பார்த்தார்.

அன்னிக்கும் இன்னிக்கும் சின்ன விமானத்துக்கு இன்ஜின் ஒண்ணுதான். அது நின்னா விமானம் கல்லு மாதிரி விழுந்துடாது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாத்தினா சறுக்கிக்கிட்டே வரும். செஸ்னா 172 ஆயிரம் அடி உயரத்துல இருந்து ஏறக்குறைய 9000 அடி தூரம் போகும். ரெண்டரை கிலோமீட்டர் சொச்சம். அதுக்குள்ள இடம் பார்த்தாகணும்.

2025 நவம்பர் 13 அன்னிக்கு ஒரு பயிற்சி விமானம், கோளாறாகி, திருச்சி–புதுக்கோட்டை ரோட்டுல நார்த்தாமலை பக்கம் இறங்கிச்சு. உள்ளே இருந்தவங்களுக்கு உயிருக்கு ஒண்ணும் ஆகல.

வயல்ல இறக்கக்கூடாதான்னு நீங்க கேட்கலாம். மேலேருந்து பார்த்தா ஸ்ரீரங்கம், லால்குடி பக்கமெல்லாம் பச்சையா, சமமாத்தான் தெரியும். ஐப்பசியில கீழே முழங்கால் சேறு, நாலு பக்கமும் வரப்பு. சக்கரம் புதைஞ்சா குப்புறக் கவுத்துடும்.

அதுக்கு ஏத்தது மேய்ச்சல் புறம்போக்குதான். அதுலயும் இப்ப பல ஊர்ல கட்டடம் வந்துடுச்சு. பல்லாவரமே இன்னிக்கு ஊருக்குள்ள. மாட்டுக்கும் அந்த வெட்டவெளிதான் வேணும். வானத்துல இன்ஜின் நின்னவருக்கும் அதேதான் வேணும்.